எண்ணியது போதும், படியுங்கள்

உயிர்வேதியியல் ஆய்வாளர் ஒருவரைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் விசாரித்துப் பாருங்கள். அவர் எந்த நொதியை ஆராய்ந்தார், எந்தச் சிக்கலை அவிழ்த்தார் என்று சொல்ல ஆள் இருக்காது. எத்தனை பேப்பர், எத்தனை சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்ற மூன்று எண்கள் மட்டும் உடனே வந்துவிடும். நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி, விருது எல்லாம் இந்த எண்களைச் சுற்றியே நடக்கின்றன. 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர்களின் ஆய்வுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. 2018-ஆம் ஆண்டு விதிமுறையில், கட்டுரை வெளியான இதழின் இம்பேக்ட் ஃபேக்டர் (அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்) ஏற ஏறப் புள்ளியும் ஏறும் என்று அட்டவணையே போட்டுவிட்டார்கள். 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசையிலும் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணித்தான் ஆய்வுக்கு மதிப்பெண் தரப்படுகிறது. ஆண்டுதோறும் ஸ்டான்ஃபோர்டு பட்டியல் வந்ததும் ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகளில் எங்கள் பேராசிரியர்’ என்று கல்லூரி வாசலில் பேனர் ஏறுகிறது.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். பயனுள்ள கட்டுரையைப் பிறர் மேற்கோள் காட்டுவார்கள். பயனற்றதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு மேற்கோளும் துறை அறிந்தவர் ஒருவர் போட்ட வாக்கு. வாக்குகளைக் கூட்டினால் அந்த ஆய்வாளரின் தகுதி தெரிந்துவிடும் என்பார்கள். இந்த வாதம் அடியோடு தவறு என்பதே என் கருத்து. தவறு என்று காட்டுவதற்கு வேறெங்கும் போக வேண்டாம். உயிர்வேதியியலின் சொந்த வரலாறே போதும்.

அறிவியலில் இதுவரை மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது? 1951-ல் ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி இதழில் ஆலிவர் லோரியும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் எழுதியது. 2014-ல் நேச்சர் இதழ் தயாரித்த பட்டியலில் அதுதான் முதலிடம். அப்போதே அதன் மேற்கோள்கள் 3 லட்சத்தைத் தாண்டியிருந்தன. அதில் இருப்பது ஒரு செய்முறை. கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க, காரக் கரைசலில் செம்பு அயனியைச் சேர்த்து, பிறகு ஃபோலின் வினைப்பொருளை விட்டால் நீல நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியை அளந்தால் புரதத்தின் அளவு கிடைக்கும். எம்.எஸ்சி. முதலாண்டு மாணவர்கள் இன்றும் செய்கிற பரிசோதனை அது. தெருவில் அதிகம் இரவல் போவது ஏணிதான். அந்த மாதிரித்தான் அந்தக் கட்டுரையும் கைமாறிக் கைமாறிப் போனது. அது மகத்தான கட்டுரை அல்ல என்பதை லோரியே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

லோரியின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. விரல் நுனியிலிருந்து எடுத்த சில சொட்டு ரத்தத்தில் வைட்டமின்களை அளந்து, நியூயார்க் பள்ளிப் பிள்ளைகளின் ஊட்டச்சத்து நிலையைக் கண்டறிய வழி செய்தவர் அவர். பிறகு செயின்ட் லூயிஸில், குவார்ட்ஸ் இழையால் ஆன தராசில் தனியொரு நரம்பணுவை எடைபோட்டு, அதற்குள் நொதிகள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தார். அத்தனை சிறிய அளவில் வேதியியல் செய்ய முடியும் என்று அதற்கு முன் பலர் நம்பவே இல்லை. மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் வைத்து லோரியைப் பார்ப்பவருக்கு இந்த நரம்பணு வேலை கண்ணிலேயே படாது.

அதே பட்டியலின் இரண்டாம் இடம் இன்னும் தெளிவான பாடம். உல்ரிக் லெம்லி 1970-ல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது நேச்சரில் எழுதிய கட்டுரை, 2014-ல் 2 லட்சத்துக்கு மேல் மேற்கோள் பெற்றிருந்தது. டி4 என்ற பாக்டீரியா வைரஸின் தலைப்பகுதி உருவாகும்போது அதன் புரதங்கள் எப்படி வெட்டப்படுகின்றன என்பதே அந்தக் கட்டுரையின் ஆய்வுப் பொருள். தலைப்பும் அதுதான். ஆனால் மேற்கோள் காட்டியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வைரஸின் தலையைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. புரதங்களை ஜெல்லில் ஓட்டிப் பிரிக்க அவர் பயன்படுத்திய கரைசல்களின் செய்முறைதான் வேண்டியிருந்தது. கண்டுபிடிப்பைப் பாராட்டிய வாக்கு என்று சொல்கிறார்களே, இந்த 2 லட்சத்தில் எத்தனை அப்படிப்பட்டது? மூன்றாவது இடம் மேரியன் பிராட்ஃபோர்டின் 1976-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு. அதுவும் சாயம் கலந்து புரதத்தை அளக்கும் முறைதான். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் நூறிலேயே இல்லை.

முறைகளை எழுதியவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. லோரியும் லெம்லியும் இல்லாவிட்டால் ஆய்வகங்கள் நகராது. நான் மறுப்பது ஒன்றைத்தான்: மேற்கோள் எண்ணிக்கை கண்டுபிடிப்பின் ஆழத்தைச் சொல்கிறது என்ற கூற்றை. அது சொல்வது, எத்தனை பேர் தங்கள் கட்டுரையின் அடியில் அந்தப் பெயரை எழுத வேண்டியிருந்தது என்பதை மட்டுமே. எழுத வேண்டியிருந்ததற்குக் காரணம் நூறு விதமாக இருக்கும். மறுப்பதற்காக எழுதினாலும் கணக்கு ஏறும். 2010-ல் சயின்ஸ் இதழில், கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் வாழும் ஒரு பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கை வைத்துக்கொள்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. உயிர்வேதியியலர்கள் கொதித்துப் போனார்கள். 2012-ல் பரிசோதனை வழியாகவே அது மறுக்கப்பட்டது. 2025-ல் சயின்ஸ் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதைத் தவறென்று நிறுவிய ஒவ்வொரு கட்டுரையும் அதற்கு ஒரு மேற்கோளைக் கூட்டியிருக்கிறது.

எதிர்த்திசையில் நடப்பது இன்னும் அநியாயம். மிக ஆழமான வேலை, பாடப்புத்தகத்துக்குள் போன பிறகு மேற்கோள் பெறுவதை நிறுத்திவிடுகிறது. கிரெப்ஸ் சுழற்சியைப் பற்றி எழுதுகிற எவரும் 1937-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் போவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் செய்த வேலையும் அப்படித்தான். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1950-களில் கொலாஜனின் மூவிழைச் சுருளை முன்வைத்தபோது, அதில் அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கின்றன என்று, டி.என்.ஏ. இரட்டைச் சுருளை அறிவித்தவர்களில் ஒருவரான கிரிக் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கே ஒரு வரையறை வேண்டும் என்று ராமச்சந்திரன் இறங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் ராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் 1963-ல் வெளியிட்ட வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணங்களில் முடியாது என்பதை ஒரே படத்தில் காட்டியது அது. இன்று புரதத் தரவு வங்கியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் இருக்கின்றன. புதிதாக ஒரு புரத அமைப்பைச் சமர்ப்பித்தால், அதைச் சரிபார்க்கும் அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடத்தின்படி எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று ஒரு வரி வரும். அந்த வரியை எழுதுகிறவர்கள் எல்லோரும் 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. படத்தின் பெயரே போதுமானதாகிவிட்டது. எண்ணிக்கைக்குள் வராத அளவுக்குப் பெரிய பங்களிப்பு அது.

எல்லாப்ரகடா சுப்பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டுக்குப் போனவர். அங்கே ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1925-ல் அவர் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவிடும் முறை பல ஆயிரம் மேற்கோள் பெற்றது. அவருடைய எண்ணிக்கைக்கு அதுதான் தூண். ஆனால் அவருடைய வாழ்வின் பெரும்பணி அதற்குப் பின், லெடர்லி ஆய்வகத்தில் நடந்தது. ஃபோலிக் அமிலத்தைத் தொகுத்தெடுத்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். யானைக்கால் நோய்க்குத் தரப்படும் டை எத்தில் கார்பமசின் அவர் வழிநடத்திய ஆய்வகத்தில் பிறந்த மருந்து. நம் ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாக வந்து கொடுத்தார்களே, அதே மாத்திரைதான். 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, தற்காலிகமாகவேனும் நோய் பின்வாங்குவதைக் காட்டினார். மருந்து சுப்பாராவின் குழுவிடமிருந்து வந்தது. அந்தப் புகழ்பெற்ற கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவின் பெயர் இல்லை. தன் ஆய்வகத்திலிருந்து போன பல கட்டுரைகளிலும் அவர் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டதில்லை. நம் புள்ளிக் கணக்கில் 1925-ஆம் ஆண்டு நிறம் பார்க்கும் முறைக்கு முழுப் புள்ளி. குழந்தைகளின் உயிர் காத்த வழிக்குச் சுழியம்.

மேற்கோள் எண்ணும் முறையைக் கண்டுபிடித்த யூஜின் கார்ஃபீல்டே இதன் எல்லையை அறிந்திருந்தார். 1986-ல் அவர் கல்கத்தாவின் சம்புநாத் டேயைப் பற்றி விரிவாக எழுதினார். காலரா கிருமி ரத்தத்தில் நஞ்சைக் கலக்கிறது என்று ராபர்ட் காக் காலத்திலிருந்து பலர் நினைத்திருக்க, கிருமியை நீக்கிய வடிநீரை முயலின் குடலில் செலுத்தி, குடலில் நீரைச் சுரக்க வைக்க அந்த வடிநீரே போதும் என்று டே காட்டினார். 1959-ல் அது நேச்சரில் வந்தது. காலரா நஞ்சு என்ற புரதத்தைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சி முழுவதும் அதிலிருந்து கிளம்பியது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் அதைக் கண்டுகொண்டவர்கள் சொற்பம். 1973-ல் டே ஓய்வு பெற்றார். 1978-ல் நோபல் அறக்கட்டளை காலரா பற்றிய கருத்தரங்குக்கு அவரை அழைத்த பிறகுதான் நம் நாட்டில் பலர் அவர் பெயரையே கேட்டார்கள். 1985-ல் இறக்கும்வரை எந்த இந்திய அறிவியல் அகாடமியும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1959-லேயே அந்தக் கட்டுரையை உட்கார்ந்து படித்தவருக்கு, முயலின் குடல் வீங்கியதும் வீங்காததும் கண்ணெதிரே தெரிந்திருக்கும். எண் ஏறட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

எச்-இண்டெக்ஸுக்கு வருவோம். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 20. 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலர் தந்த கணக்கு இது. ஐந்தே கட்டுரை எழுதி ஐந்தும் துறையைப் புரட்டிப்போட்டாலும் அவருடைய எண் ஐந்தைத் தாண்டாது. முப்பது பேர் பெயர் போட்ட கட்டுரை முப்பது பேருக்கும் முழுமையாகச் சேரும். ஒருமுறை ஏறியது இறங்குவதே இல்லை. ஆய்வை விட்டுப் பத்தாண்டு ஆனவருக்கும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஃபிரெடெரிக் சேங்கர் 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் என்ற ஒரே புரதத்தின் வரிசையைப் படிக்கப் பத்தாண்டுக்கு மேல் செலவிட்டார். 1958-ல் நோபல். அதன்பின் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வெளிவராத வறண்ட ஆண்டுகள் அவருக்கு இருந்தன. கேம்பிரிட்ஜில் அவரை யாரும் புள்ளிக் கணக்கு கேட்டுத் துரத்தவில்லை. 1977-ல் டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் முறை வந்தது; 1980-ல் இரண்டாவது நோபல். இன்று அவர் நம்மிடம் உதவிப் பேராசிரியராக இருந்திருந்தால், அந்த வறண்ட ஆண்டுகளில் பதவி உயர்வு நின்றிருக்கும். தன் கணக்கு கடுமையான கெடுதல்களையும் விளைவிக்கக்கூடும் என்று ஹிர்ஷே 2020-ல் எழுதினார். நாம்தான் இன்னும் அதை விடவில்லை.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். இதை நான் மதிக்கிறேன். இதைச் சொல்பவர்களில் நேர்மையான ஆசிரியர்கள் பலர் உண்டு. ‘சிபாரிசும் சாதியும் பணமும் புகுந்து ஆடுகிற நியமனங்களில், எண் ஒன்றுதான் ஆதரவற்ற பிள்ளைக்குத் துணை. எண்ணுக்குச் சாதி தெரியாது, மந்திரியைத் தெரியாது. எண்ணை எடுத்துவிட்டால் மறுபடியும் எல்லாம் பெரிய மனிதர்களின் வாய்ச்சொல்லுக்குப் போய்விடும்’ என்கிறார்கள். அச்சம் உண்மையானது. ஆனால் எண் அந்தப் பிள்ளைக்குத் துணை என்பது உண்மை இல்லை.

எண் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். பெரிய நிறுவனத்தில், நிறைந்த நிதியும் இருபது மாணவர்களும் உள்ள ஒருவரின் பெயர் ஆண்டுக்குப் பதினைந்து கட்டுரையில் வரும். மாவட்டத் தலைநகர் அரசுக் கல்லூரியில், மின்தடை வந்தால் என்சைம் பாழாகிவிடுமே என்று ஃப்ரீசர் முன்னால் நிற்கிற முதல் தலைமுறைப் பட்டதாரி, மூன்று ஆண்டுக்கு ஒரு கட்டுரை எழுதுவார். எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி பெரிய இதழ்களில் வெளியிட ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம். அதைக் கட்ட முடிந்தவர் கட்டுரை அதிகம் படிக்கப்படும், அதிகம் மேற்கோள் பெறும். துறைத் தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது, சேர்த்ததற்குக் கைம்மாறாகப் பெயர் சேர்ப்பது, நீ என்னை மேற்கோள் காட்டு நான் உன்னைக் காட்டுகிறேன் என்ற ஏற்பாடு, எல்லாம் அதிகாரமும் தொடர்பும் உள்ளவருக்கே எளிது. சிபாரிசு ஒழிந்துவிடவில்லை. நேர்காணல் அறையிலிருந்து ஆசிரியர் பெயர் வரிசைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பணமும் அப்படியே. கட்டுரையில் ஆசிரியர் இடம் விலைக்கு விற்கப்படுகிறது. எழுதித் தரும் ஆலைகள் இருக்கின்றன. 2023-ல் மட்டும் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் 8,000-க்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. திரும்பப் பெறப்படும்வரை அவையெல்லாம் எங்கோ ஒருவருக்குப் புள்ளியாக இருந்தவைதான்.

எண்ணைக் கூட்டியாக வேண்டும் என்ற இந்த நெருக்கடி எங்கே போய் விழுகிறது என்று ஆய்வகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆய்வு மாணவர் மேல் விழுகிறது. எலிசபெத் பிக்கும் அவருடைய கூட்டாளிகளும் 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சுமார் 3.8 சதவீதத்தில் படங்கள் சிக்கலாக இருந்தன. ஒரே பட்டை இரண்டு இடத்தில், ஒரே படம் திருப்பி வைக்கப்பட்டு, இப்படி. அவர்கள் பார்த்தவற்றில் முக்கியமானவை வெஸ்டர்ன் பிளாட் படங்கள். லெம்லியின் ஜெல்லில் ஓட்டப்படும் அதே புரதப் பட்டைகள். சில தவறுதலாக நேர்ந்தவையாக இருக்கலாம். ஆனால் கன்ட்ரோல் சரியாக வரவில்லை, இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்று மாணவர் சொல்லும்போது, அக்ரெடிட்டேஷன் கணக்குக்குள் பேப்பர் வந்தாக வேண்டும் என்று கைடு சொல்கிற ஆய்வகத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரே வேலையை மூன்று துண்டாக்கி மூன்று பேப்பர் ஆக்குவது இப்போது குற்றமாகக்கூடத் தோன்றுவதில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-ல் மானியக் குழு நீக்கியது நல்ல காரியம். ஆசிரியருக்கான புள்ளி அட்டவணை இருக்கும்வரை அந்தக் கட்டாயம் வேறு வாசல் வழியாக மாணவரிடம் வந்து சேரும்.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? படித்துத்தான். வேறு வழி இல்லை, இருந்ததும் இல்லை. விண்ணப்பிக்கிறவர் தன் வேலைகளில் மிகச் சிறந்தவை என்று கருதும் மூன்று கட்டுரைகளைத் தரட்டும். ஒவ்வொன்றிலும் தன் பங்கு என்ன என்று எழுதட்டும். குழு அவற்றைப் படித்து, ஏன் இவரை எடுத்தோம், ஏன் அவரை எடுக்கவில்லை என்று எழுத்தில் தரட்டும். அதை விண்ணப்பித்த எல்லோரும் பார்க்கட்டும். சிபாரிசுக்கு அஞ்சுகிறவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான். எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் குழுவைக் கேள்வி கேட்க முடியாது. காரணம் எழுதிக் கையெழுத்திட்ட குழுவைக் கேட்க முடியும். 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய உயிரணு உயிரியலர்களிடமிருந்து பிறந்த அறிக்கையும், இதழின் எண்ணைக் கொண்டு ஆளை அளக்காதீர்கள் என்றே சொன்னது.

யாருக்கு நேரம் இருக்கிறது என்பது கடைசி ஆட்சேபம். பிரிட்டன் தன் பல்கலைக்கழகங்களின் ஆய்வை 2014-ல் மதிப்பிட்டபோது ஏறத்தாழ 1,91,000 ஆய்வு வெளியீடுகளை வல்லுநர் குழுக்களிடம் கொடுத்தது. சில துறைகளில் மேற்கோள் விவரம் துணைக்குத் தரப்பட்டாலும், இதழின் இம்பேக்ட் ஃபேக்டரைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று விதி. ஒரு நாட்டின் மொத்த ஆய்வையும் அப்படிப் பார்க்க முடிந்தபோது, ஓர் உதவிப் பேராசிரியர் பணிக்கு வடிகட்டிய பத்துப் பேரின் முப்பது கட்டுரைகளை ஐந்து பேர் பகிர்ந்து படிக்க முடியாதா? இரண்டு நாள் வேலை. தேர்வாகிறவர் முப்பது ஆண்டு அந்தத் துறையில் இருக்கப் போகிறார். படித்துவிட்டு நேர்காணலில் அவரை உட்கார வைத்து, உங்கள் கட்டுரையின் இரண்டாவது படத்தில் இந்தப் பட்டை ஏன் மங்கலாக இருக்கிறது, கன்ட்ரோல் எங்கே, இந்த முடிவு தவறாக இருந்தால் அதை எந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். இரவெல்லாம் விழித்து அந்த வேலையைச் செய்தவர் யார், பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டவர் யார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.